அரைத்தீனிப் பட்டி

‘கொஞ்சம்’ என்று சொல்லிவிட்டு அவரிடமிருந்து தப்பிக்க முடியாது. “அந்த ஆடு தண்ணி கொஞ்சமாத்தான் குடிச்சிருக்கு” என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்புவார். “கொஞ்சம்னா எம்புட்டு?” குரல் உயராது, முகத்தில் கோபமும் இருக்காது. பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதைத் தாங்க முடியாமலேயே நாங்கள் எல்லோரும் அளவுக் குவளையும் கையுமாகத் திரிந்தோம்.

சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் நான் ஆய்வக உதவியாளராக இருந்தேன். பட்டன் செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, முனைவர் பட்ட ஆராய்ச்சிக்காக அங்கே வந்தவர் அவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நாங்கள் டாக்டரம்மா என்போம், அவர் என்னை அக்கா என்பார். பெயர் வேண்டாம். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

என் சின்னவனுக்கு ஒரு நாள் காய்ச்சல். வேலைக்குத் தாமதமாகப் போய், “பிள்ளைக்கு உடம்பு தொட்டாச் சுடுது” என்றேன். “சுடுதுன்னா எம்புட்டு?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அது உங்க ஆடு இல்ல டாக்டரம்மா, எம் பிள்ளை” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலை என் மேசையில் புதுத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மனிதர்களிடம் எப்படிப் பழக வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவாகத் தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

தீனி வைக்க அச்சங்குளத்திலிருந்து இரண்டு பெண்கள் வருவார்கள். சண்முகத்தாயக்காவும் அவள் நாத்தனார் பாண்டியம்மாளும். இருவரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பக்கத்து அறை ஒரு நாள் வெடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று ஆட்டுச் சாணி அள்ள வந்துவிட்டார்கள்.

பண்ணையில் இரண்டு பட்டிகள் இருந்தன. இரண்டிலும் சினை ஆடுகள். ஒன்றுக்கு வயிறு நிறையத் தீனி. மற்றதற்கு அளந்து, குறைத்து. அதை அரைத்தீனிப் பட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சண்முகத்தாயக்கா வந்த புதிதில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இது என்ன நியாயம் டாக்டரம்மா? ஒரு வீட்டுல ரெண்டு மருமக இருந்தா ஒருத்திக்குச் சோறும் ஒருத்திக்குக் கஞ்சியுமா ஊத்துவாக?”

அவர் தராசை வைத்துவிட்டுச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். இப்படிக் கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்கும்.

“வெளிநாட்டுல ஆட்டுக்கு ஒரு நோய் இருக்குக்கா. செவுத்துல ஒரசி ஒரசியே ரோமம் பூரா உதிந்துரும். கால் பின்னும். மூளை பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்து செத்துப் போகும். மருந்தே கெடையாது. மூளையில இருக்க ஒரு புரதம் கோணிக்கிறதால வர்ற நோய்.”

“அந்தக் கருமம் நம்ம ஆட்டுலயும் இருக்கா?”

“நோய் இல்ல. புரதம் எல்லா ஆட்டுலயும் இருக்கு. நம்மகிட்டயும் இருக்கு. அது பாட்டுக்கு இருந்தா ஒண்ணும் செய்யாது, கோணுனாத்தான் வம்பு. சில வம்சத்துல அது லேசுல கோணிரும். சில வம்சத்துல கோணாது. அதைத்தான் ரத்தம் எடுத்துப் பாத்து செவப்பு ரிப்பன், பச்சை ரிப்பன்னு கட்டி விட்டிருக்கேன். இப்ப, சினையா இருக்கும்போது தாய் தின்னுறதப் பொறுத்து அந்தப் புரதம் உடம்புல கூடுமா, கொறையுமான்னு பாக்கணும். தாய்கிட்டயும் பாக்கணும், நஞ்சுக்கொடியிலயும் பாக்கணும்.”

சண்முகத்தாயக்கா யோசித்தாள். “அப்ப தாய் பட்டினி கெடந்தா பிள்ளைக்கு ஏறுமா?”

“தெரியாதுக்கா. தெரியாததாலதான் இம்புட்டுப் பாடு.”

அந்த ரிப்பன், பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கட்டுகிற ரிப்பன். சிவகாசியில் அவர் மாமனார் வீட்டு அச்சகத்தில் கிடந்த சுருளை எடுத்து வந்திருந்தார். பச்சை, கோணாத வம்சம். சிவப்பு, கோணக்கூடியது. ஆடுகள் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஏதோ பரிசுப் பொட்டலம் மாதிரி நிற்கும்.

முதல் ஈடு ஆடுகள் குட்டி போட்டபோது ஒரு கூத்து நடந்தது. விடியற்காலையில் ஐந்தாறு ஆடுகள் அடுத்தடுத்து ஈன்றுவிட்டன. சண்முகத்தாயக்கா குட்டிகளைத் துடைத்து, தாய்க்கு வெல்லத் தண்ணீர் காட்டி, நஞ்சுக்கொடிகளை எல்லாம் கையோடு எடுத்து வேப்பமரத்தடியில் ஆழமாகப் புதைத்து, மேலே கல்லையும் தூக்கி வைத்துவிட்டாள். நாய் வாய் வைத்தால் தாய்க்குப் பால் வற்றிப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. டாக்டரம்மா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது, “எல்லாம் சுத்தமா முடிச்சிட்டேன் டாக்டரம்மா” என்று பெருமையாகச் சொன்னாள். அவருக்கு வேண்டியதே அந்தக் கொடிதான். மண்வெட்டிக்குக்கூடக் காத்திருக்காமல் கையாலேயே தோண்டினார். எறும்பு மொய்த்துப்போன கொடிகளை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பது? அந்த ஈடு அதோடு போயிற்று.

சண்முகத்தாயக்கா அழுதுகொண்டே நின்றாள். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, “அடுத்த ஈத்துல எனக்குத் தந்துட்டு மிச்சத்தப் பொதைங்கக்கா” என்றார்.

“இனிமே கொஞ்சம் எடுத்து வச்சிட்டே பொதைக்கேன்” என்றாள் அவள்.

“கொஞ்சம்னா எம்புட்டு?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கு வந்துகொண்டிருந்த ஆராய்ச்சிப் பணம் அடுத்த பங்குனியோடு முடிகிறது. இன்னும் ஒரே ஓர் ஈடுதான். அதுவும் கைவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் அச்சகத்து வீட்டில் மருமகளாக உட்கார்ந்துவிடுவதாக மாமியாரிடம் ஒப்புக்கொண்டுதான் வந்திருந்தார்.

அந்த மாமியாரை ஒரு முறை பார்த்திருக்கிறேன். காரில் வந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். “இந்த மூத்திர வாடையிலேயே கெடந்தா வயித்துல எப்படித் தங்கும்?” என்று எங்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். டாக்டரம்மாவுக்கு அதற்குமுன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. பண்ணையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

டாக்டரம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று நாங்கள் பேசிக்கொண்ட நாளும் உண்டு. ஒரு மத்தியானம் மேற்கே குபீரென்று புகை எழுந்தது. சத்தம் பிறகு வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் புகையைப் பார்த்தால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, ரோட்டுக்கு ஓடுவோம். பாண்டியம்மாளின் அக்காள் மகள் அந்தத் திசையில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எல்லோரும் ஓடினோம். நான் திரும்பிப் பார்த்தேன். இவர் ஒருவர் மட்டும் தராசில் புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தார். தீனி நேரம் தவறக்கூடாதாம். எனக்கு அருவருப்பாகவே இருந்தது. இரண்டு பட்டிக்கும் வைத்து முடித்த கையோடு ஸ்கூட்டரை எடுத்து வந்து, பஸ்ஸுக்குத் தவித்துக்கொண்டிருந்த பாண்டியம்மாளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தப் பெண் கைக் காயத்தோடு தப்பித்தாள். அன்று ரத்தம் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர் என்று பாண்டியம்மாள் சொல்லித்தான் தெரியும். அதன்பிறகு அந்த இரண்டு பெண்களுக்கும் அவர்மேல் உயிர்.

அந்த உயிர்தான் வினையாயிற்று.

இரண்டாவது ஈடு ஆடுகள் நிறைசினையாக இருந்தன. அரைத்தீனிப் பட்டிப் பக்கம் யாராவது நடந்தால் எல்லா ஆடும் ஒன்றாகக் கத்தும். சண்முகத்தாயக்கா தீனியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள்.

“வயித்துப்பிள்ளைக்காரிய அரை வயித்தோட படுக்கப் போடுறது பாவம் டாக்டரம்மா. இதுக வயித்தெரிச்சல் நமக்கு ஆகாது.”

“தாய்க்கும் குட்டிக்கும் ஆபத்து வராத அளவுதான்க்கா. அளந்துதான் போடுறேன்.”

“அளக்குறீக, சரி. அதுக்குப் பசிக்கிறத எதை வச்சு அளப்பீக?”

அவர் தீனித் தொட்டியைத் தடவிக்கொண்டு நின்றார். அவருக்கும் அந்தக் கத்தல் கேட்காமல் இல்லை. மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பா பாதிக்குமேல் காலியாகாமல் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாசி மாதத்தில் புண்ணாக்கு மூட்டையை அவிழ்க்கும்போது மூக்கைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். எடை மேடையில் தாவி ஏறுகிறவர் மெதுவாக ஏறினார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. சண்முகத்தாயக்கா என் காதருகே வந்து, “நாலு மாசம் இருக்கும். இந்தத் தடவ தங்கணும் தாயே” என்று மாரியம்மன் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, தீவன அறையில் சாக்கின் மேல் உட்கார்ந்தவர் எழவில்லை. “அக்கா, ஒரு ஆட்டோ கூப்புடுங்க. யார்கிட்டயும் சொல்ல வேணாம்” என்றார். பெண்களிடம் ஸ்கேன் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், “ரத்தம் எவ்வளவு போயிருக்கும்மா?”

“கொஞ்சம்” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அப்போதுதான் கேட்டேன். அவர் உட்கார்ந்திருந்த ஆட்டோ சீட்டைத் துடைத்தவள் நான். அது கொஞ்சம் இல்லை.

இரண்டு ராத்திரி அங்கே இருந்தோம். கணவர் நோட்டுப் புத்தக ஆர்டருக்காக ஆந்திரா போயிருந்தார். “போன்ல சொல்ல வேணாம்க்கா, வந்ததும் நானே சொல்லிக்கிறேன்” என்றார். எல்லாம் முடிந்து சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். திருமங்கலம் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “ஆடுகளாவது இருக்கு. இன்னும் மூணு வாரம்” என்றார். வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்று நான் திட்டினேன், கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று சாத்தூரில் இறங்கிவிட்டார். அந்த நேரத்தில் அவருக்கு இந்த உலகத்தில் அந்த ஆடுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அதனால் நானும் கூடவே போனேன்.

பண்ணைக்குள் நுழைந்தோம். அரைத்தீனிப் பட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஆடுகள் படுத்துக் கிடந்தன. வயிறு ஒரு பக்கம் உப்பி, தலை மண்ணில் சாய்ந்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு. எல்லா ஆட்டின் நெற்றியிலும் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. கழுத்தில் சிவப்பு, பச்சை ரிப்பனுக்கு மேலே மஞ்சள் கயிற்றில் கண்ணாடி வளையல்கள் கோத்துக் கட்டியிருந்தது. தரையில் வாழை இலைகள். சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு. பட்டி முழுக்கப் புளித்த வாடை.

வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் தாய்வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கம். அதை ஆடுகளுக்குச் செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து. இரண்டு வீட்டிலும் அரிசி போட்டு, பொங்கி, பெட்டியில் சுமந்து வந்து, வளையல் போட்டு, வயிறாரப் பரிமாறியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் அளந்து தின்ற ஆடுகள் வெறிகொண்டு தின்றிருக்கின்றன. வீட்டு ஆட்டுக்கு வடிகஞ்சி வைத்துப் பழகியவர்கள்தான் இருவரும். பழக்கமில்லாத வயிற்றில் இத்தனை சோறு போனால் அது புளித்து உயிரையே எடுத்துவிடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

சண்முகத்தாயக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து அவர் காலைப் பிடித்தாள்.

“நாந்தான் தாயி செஞ்சேன். பாண்டியம்மாள ஒண்ணும் சொல்லாதீக. இதுக வயித்தெரிச்சல்லதான் உங்களுக்குத் தங்க மாட்டேங்குதுன்னு எம் மனசுல பட்டுச்சு. ஒரு தடவை வயிறு குளுந்துட்டா உங்க வயித்துல இருக்கது பத்திரமா நிக்குமேன்னு…”

எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. டாக்டரம்மா அவள் கையை விலக்கினார். “எம்புட்டு நேரமாச்சு தின்னு?” என்று மட்டும் கேட்டார். பிறகு சோடா உப்பு வாங்கிவர ஆள் அனுப்பினார். சாத்தூரில் பலசரக்குக் கடை ஒன்றுவிடாமல் வாங்கினோம். தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, ஒவ்வோர் ஆட்டின் வாயிலும் கடைவாய் வழியாக விட்டார். நரம்பில் மருந்து ஏற்றினார். எழுந்து நிற்கவே முடியாத உடம்போடு முட்டி போட்டு ஆடு ஆடாக நகர்ந்தார். சேலையின் பின்பக்கம் நனைவதை நான் பார்த்தேன். போதும், போதும் என்று தோளைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சில உயிரைப் பிடித்துக்கொண்டு, குட்டியை மட்டும் தள்ளின. ரோமம்கூட முழுதாக முளைக்காத குட்டிகள். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. அடுத்த ஆட்டுக்குப் போனார்.

சாயங்காலம், பச்சை ரிப்பன் கட்டிய ஓர் ஆட்டின் தலையைச் சண்முகத்தாயக்கா மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார். சண்முகத்தாயக்கா அழுது வீங்கிய முகத்தைத் தூக்கி, பயந்து பயந்து கேட்டாள்.

“ஸ்கேன்ல பாத்தாகளா தாயி? வயித்துல புள்ள நல்லா இருக்குல்ல?”

பாட்டிலில் இருந்த தண்ணீர் நின்றது. சொல்லித் தொலையட்டும், இவளுக்குத் தெரியட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

“நல்லா இருக்குக்கா” என்றார். மறுபடியும் பாட்டிலைச் சாய்த்தார்.

அந்தப் பட்டியில் ஐந்து ஆடுகள் பிழைத்தன. அவற்றில் இரண்டு சினையோடும் இருந்தன. அந்த இரண்டையும் முழுத்தீனிப் பட்டியையும் வைத்து ஏதாவது எழுதிவிடுங்கள், இங்கே நடந்தது வெளியே யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் சொன்னேன். “எம்புட்டுச் சோறு தின்னுச்சுன்னு எனக்கே தெரியாதேக்கா” என்றார். “ஒத்தத் தட்டை வச்சு எப்படி நிறுக்க?” அடுத்த வாரம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் புரதம் கூடுமா குறையுமா என்பது எங்கள் பண்ணையில் தெரியாமலே போயிற்று. அச்சகத்து வீட்டுக்குப் போனார், சில மாதத்தில் அங்கிருந்தும் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று தெரியாது.

ஆராய்ச்சி நின்றதும் தீனி வேலையும் நின்றது. தீபாவளி சீசன் நெருங்கியபோது சண்முகத்தாயக்கா என் வீட்டுக்கு வந்தாள். உள்ளங்கை, நகக்கண்ணெல்லாம் பட்டாசு மருந்தின் சாம்பல் நிறம். மறுபடியும் பட்டாசுக் கம்பெனிக்கே போய்விட்டாள். இடுப்பில் முடிந்திருந்த காகிதப் பொட்டலத்தை அவிழ்த்தாள். பிறந்த குழந்தைக்குப் போடுகிற வசம்பு வளையலும் இரண்டு கறுப்பு வளையலும் இருந்தன.

“நாளு கணக்குப் பாத்தேன், பெத்திருப்பாக. உங்களுக்குத் தகவல் வந்திருக்குமே. என்ன புள்ள?”

“பொம்பளப் புள்ள” என்றேன்.

“யாரு மாதிரி இருக்கு?”

“அவங்கம்மா மாதிரியேதான்.”

சண்முகத்தாயக்கா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். “அப்ப அந்த வாயில்லாச் சீவனுக செத்தது வீண் போகல” என்றாள்.

நான் அவளுக்குக் காப்பி போட உள்ளே போனேன்.